சீட்டில் மூன்றாவது பெயர்

போன வாரம் நம் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் உங்களில் ஒருத்தி அந்தப் படத்தைப் போட்டாள். நீல வேன், அதன் முன்னால் ஆறு பேர், நடுவில் வெள்ளைக் கோட்டு போட்ட அந்த மனிதர். ஐந்து நிமிடத்தில் இருபது இதயம் விழுந்தது. "அது ஒரு காலம்டி" என்றாள் ஒருத்தி. "அந்த வாழ்க்கை மறுபடி வருமா" என்றாள் இன்னொருத்தி. நான் ஒன்றும் போடவில்லை. "உனக்குத்தான் அவங்க மேல பைத்தியமாச்சே, இன்னா கம்முனு கீற?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நீளமாகப் போய்விட்டது. படித்துவிட்டு யாரும் போன் செய்து என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

அந்தப் பாட்டுக் குழுவின் பெயரை எழுத மாட்டேன். அதில் இரண்டு மூன்று பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் எடுத்திருப்பார்கள். ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்களை விட்டால் வேறு இன்னிசைக் குழு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் பத்துப் பதினைந்து குழு இருந்திருக்கும். ஆனால் இரண்டு குரலில் பாடுகிறவர் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர்தான். சினிமா ஜோடிப் பாட்டில் ஆண் குரலும் அவரே, பெண் குரலும் அவரே. மேடையில் பாட அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் பெண்களை யார் அனுப்பினார்கள்? அதனால் அவருக்குக் கிராக்கி. ஆண் குரலுக்கு வலது பக்கம் திரும்புவாராம், பெண் குரலுக்கு இடது பக்கம் திரும்புவாராம். கண்ணை மூடிக்கொண்டால் இரண்டு பேர் நிற்கிற மாதிரியே இருக்குமாம்.

இந்த 'ஆம்' எல்லாம் ஏன் என்றால், பன்னிரண்டு வயது வரைக்கும் நான் அவரைப் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே உயிரை விட்டேன். நீங்கள் எல்லாம் பள்ளிகொண்டா திருவிழாவுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து வகுப்பில் அளப்பீர்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டுக்கு 'உலகப் பாட்டு' என்று பெயர். அப்பா ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி நடத்துவார். வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது, ஆனால் அதில் கீர்த்தனையும் பிரசங்கமும்தான் பாட வேண்டும். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தோல் வார் தொங்கும். கம்பெனியில் மிஞ்சின கனமான தோலில் வெட்டியது. நம் ஊரில் பிரம்பு வைத்திருந்த அப்பாக்களை எனக்குத் தெரியாது, உங்கள் வீட்டிலும் வார்தான் தொங்கியிருக்கும்.

அந்தக் குழுவை என் காதுக்குள் கொண்டுவந்தது அக்காதான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அதே கம்பெனியில் அப்பர் செக்‌ஷனில், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற மெஷினில் வேலை. வேகமான கை அவளுக்கு. சூப்பர்வைசர் புதுப்பெண்களைக் கூட்டிவந்து அவள் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டுவாராம். ஒருநாள் டிபன் பாக்ஸுக்குள், சோற்று டப்பாவுக்குக் கீழே, ஒரு கேசட்டைக் கொண்டுவந்தாள்.

அப்பா வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அன்றைக்கு மாலை ஷிப்ட். அக்கா கேசட்டைப் போட்டாள். முதலில் ஒரே இரைச்சல். கூட்டம், விசில், எங்கேயோ ஒரு குழந்தையின் அழுகை. அப்புறம் டிரம்ஸ். அப்புறம் அவர் குரல், எக்கோவோடு. மேடையில் பாடினதை யாரோ ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பதிவு செய்திருந்தார்கள். என் முதுகில் சிலிர்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பெண் குரலுக்கு மாறினபோது நான் அக்காவைப் பார்த்தேன், நிஜமாகவே வேறு ஆள் இல்லையா என்று. "அதே ஆளுதான்டி" என்று சிரித்தாள்.

"யாருக்கா குடுத்தாங்க?"

"கம்பெனில ஒருத்தரு. எல்லா ஷோவுக்கும் போய் டேப் பண்ணுவாரு."

அப்படி வந்தவர்தான் நான் 'டேப் அண்ணன்' என்று பெயர் வைத்த ஆள். கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டுகிற வேலை. காவேரிப்பாக்கத்தில் கல்யாணக் கச்சேரி என்றாலும் சைக்கிளைப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம். மாதம் ஒரு கேசட் வரும். அட்டையில் அக்கா 'வேத பாடம் - 4', 'வேத பாடம் - 5' என்று எழுதி அப்பாவின் பிரசங்கக் கேசட்டுகளுக்குப் பின்னால் வைப்பாள். கேசட் வைக்க மெரூன் நிறத் தோலில் ஒரு பை தைத்தாள். செக்கிங்கில் கழித்துப் போட்ட துண்டுதான், ஆனால் அந்தத் தையலைப் பார்த்தால் யாரும் கழிவு என்று சொல்ல மாட்டார்கள். ஆறு அறை இருந்தது அதில். புதுத்தோல் வாசனையும் டேப் வாசனையும் கலந்து அடிக்கும். நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

அக்காவோடு எனக்கு ஒரே ஒரு சண்டை. 'வேத பாடம் - 5' முடிகிற இடத்தில் பாட்டு நின்றதும் டேப் அண்ணன் யாரிடமோ பேசுவது பதிவாகியிருந்தது. "இன்னா நைனா, கொஞ்சம் அப்பால நில்லு. ரெக்கார்டு ஆவுது." அவ்வளவுதான். அக்கா அந்த இடத்துக்கு வந்ததும் திரும்பச் சுற்றுவாள். மறுபடி போடுவாள். மறுபடி சுற்றுவாள். அப்பா வருவதற்குள் இன்னொரு பாட்டு கேட்டிருக்கலாமே என்று நான் பல்லைக் கடிப்பேன். "அதுல இன்னாக்கா கீது? பாட்டே இல்ல" என்று கத்தியிருக்கிறேன். "இரு பாப்பா, இன்னும் ஒரு தபா" என்பாள். எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்குப் பாட்டுதான் எல்லாம், பேச்சு வெறும் இரைச்சல்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குழு எங்கள் கம்பெனிக்கே வருகிறது என்று அக்கா வந்து சொன்னாள். முதலாளி முஸ்லிம். ஆனால் மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடாமல் ஆட்கள் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பூஜை முடிந்து இரண்டு மணிக்குக் கச்சேரி. பெண்களைக் கம்பெனி வேனில் இருட்டுவதற்கு முன் ஊருக்கு ஊர் இறக்கிவிட வேண்டும் என்பதால் பகல் கச்சேரி. ஸ்டாஃப் எல்லாம் குடும்பத்தோடு வர வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அப்பாவால் தட்ட முடியவில்லை. "பூஜைக்குப் போவக் கூடாது. பொரி வாங்கக் கூடாது. பூஜையெல்லாம் முடிஞ்சப்புறம் போய், முடியறதுக்கு முன்னாடி வந்துடணும்" என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பாதிக் கச்சேரி பார்த்தால்கூட எனக்குப் போதும்.

அடுத்த பத்து நாள் நான் சாப்பிட்டேனா, படித்தேனா என்று தெரியாது. நீங்கள் எல்லாரும் எனக்கு யோசனை சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? மேடைக்குச் சீட்டு அனுப்பினால் நாம் கேட்கிற பாட்டைப் பாடுவார்கள். பாடுவதற்கு முன்னால் 'இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்கள்' என்று மைக்கில் பெயர்களைப் படிப்பார்கள். என் பெயர் அவர் வாயால், எக்கோவோடு. உங்களில் ஒருத்திதான் சொன்னாள், யார் என்று இப்போது சொல்ல மாட்டேன், "ஒரே பேரு இருந்தா படிக்க மாட்டாங்கடி. மூணு நாலு பேரு போடணும். எந்த செக்‌ஷன், எந்த ஊருன்னு போடணும். அப்பதான் எடுப்பாங்க" என்று. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

ஓய்வுநாள் பள்ளித் தேர்வுக்காக அப்பா கொடுத்திருந்த கோடு போட்ட தாளில் ஒன்றைக் கிழித்தேன். ஜோடிப் பாட்டு ஒன்றை எழுதினேன். அவர் இரண்டு பக்கமும் திரும்புவதைப் பார்க்க வேண்டுமே. கீழே கேட்பவர்களின் பெயர். எங்கள் வீட்டில் மூன்று பேர்தானே அந்தக் குழுவின் ரசிகர்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு. டேப் அண்ணனை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை, இருந்தாலும் அவர் எங்கள் வீட்டு ஆள்தான். அவர் இல்லாவிட்டால் எனக்கு ஒரு பாட்டு உண்டா? அதனால் முதலில் அவர் பெயர், கட்டிங் செக்‌ஷன். அடுத்து அக்கா பெயர், அப்பர் செக்‌ஷன். கடைசியில் என் பெயர், ஏழாம் வகுப்பு. ஜெபம் பண்ணும்போது மற்றவர்களை முதலில் சொல், உன்னைக் கடைசியில் சொல் என்று அப்பா எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தப் பழக்கத்தில்தான் என் பெயரைக் கடைசியில் போட்டேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. மைக்கில் பெயர் வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அன்றைக்கு மதியம் பெரிய ஷெட்டில் மெஷினையெல்லாம் ஓரம் தள்ளி, தார்ப்பாய் விரித்திருந்தார்கள். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள், முன்னால் நாற்காலிகளில் ஸ்டாஃப். அப்பா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். அம்மாவுக்கு டியூட்டி, வரவில்லை. நான் அக்காவோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். அக்காவின் தோழி ஒருத்தி பொரியும் பொட்டுக்கடலையும் கொடுத்தாள். அக்கா கூசாமல் வாங்கித் தின்றாள். "அப்பா" என்றேன். "அப்பாக்கு முதுகுல கண்ணு இல்ல, நீயும் துன்னு" என்றாள். அன்றைக்கு அவள் மஞ்சள் தாவணி போட்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அவர் மேடைக்கு வந்தார். படத்தில் இருக்கிறதே, அதே வெள்ளைக் கோட்டு. குள்ளமாக இருந்தார். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முதல் பாட்டில் கீபோர்டு கொஞ்சம் இழுத்தது, டிரம்ஸ்காரர் முந்திக்கொண்டு ஓடினார், தகரக் கூரையில் எல்லாச் சத்தமும் மோதித் திரும்பி வந்தது. எதுவும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கேசட்டில் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு இருமலும் எனக்கு மனப்பாடம். அவர் எங்கே மூச்சு எடுப்பார் என்று அவருக்கு முன்னால் நான் எடுத்தேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். அக்கா என் கண்ணைத் துடைத்துவிட்டு, "லூசு" என்றாள்.

நான்காவது பாட்டில் சீட்டை அனுப்பினேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளின் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அது கைக்குக் கை மாறி மேடைக்குப் போவதைக் கண் எடுக்காமல் பார்த்தேன். அவர் காலடியில் ஒரு குவியலில் விழுந்தது. இரண்டு பாட்டு கழித்துக் குனிந்து ஒன்றை எடுத்தார். கோடு போட்ட தாள். என்னுடையதுதான்.

பாட்டின் பெயரைச் சொன்னார், விசில் பறந்தது. "விரும்பிக் கேக்கறவங்க" என்று டேப் அண்ணனின் பெயரைப் படித்தார். ஆண்கள் பக்கத்தில் கூச்சல். அடுத்து அக்காவின் பெயரைப் படித்தார். என் பெயர் வரப்போகிறது என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவர் சீட்டை மடித்தார்.

"கட்டிங் செக்‌ஷன்ல ஒருத்தரு, அப்பர் செக்‌ஷன்ல ஒருத்தரு. கட்டிங்கும் அப்பரும் சேந்தாத்தான ஷூ ஆவும்? ஜோடி ரெடி, முதலாளி. ஆர்டர் போட வேண்டியதுதான் பாக்கி."

ஷெட்டே அதிர்ந்தது. ஆயிரம் பேர் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு. ஆண்கள் பக்கத்தில் யாரோ டேப் அண்ணனைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்போதுதான் அவரை முதல்முறையாகப் பார்த்தேன். ஒல்லியான ஆள். கையில் டேப் ரெக்கார்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பாடகர் அவரைக் கை காட்டிக்கொண்டு வலது பக்கம் திரும்பி ஆண் குரலில் பாடினார். இடது பக்கம் திரும்பி, அக்காவைத் தேடிப் பிடித்து, அவளைப் பார்த்துப் பெண் குரலில் பாடினார். பாட்டு முழுக்க அதையே செய்தார். பெண்கள் எல்லாம் திரும்பித் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கையில் இருந்த பொரியை ஒவ்வொன்றாகத் தார்ப்பாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பெயரைப் படிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு ஆசையாக எழுதி, என் பெயரை விட்டுவிட்டாரே என்று. அக்காவின் முகத்தைப் பார்க்கத்தானே அத்தனை ஏற்பாடும் செய்தேன், பார்க்கவே இல்லை.

பாட்டு முடியும்வரை அப்பா அசையவில்லை. முடிந்ததும் எழுந்து மேடைக்கு ஓரமாகப் போனார். பாடகரிடம் ஏதோ கேட்டார். அவர் குனிந்து, தேடி, என் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதைப் பிரித்துப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்காகத்தான் வாங்கி வைக்கிறார் என்று நினைத்தேன். பெயர் வராததற்கு அப்பாவுக்கும் வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நம்புங்கள், பன்னிரண்டு வயதில் நான் அவ்வளவு மக்காக இருந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா என்னை உங்களில் ஒருத்தி வீட்டில் விட்டுவிட்டு அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே உட்கார்ந்து, என் பெயரைப் படிக்கவில்லை என்று நான் ஒரு மூச்சு அழுததை உன் அம்மா தேற்றினார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். விளக்கு வைத்த பிறகு அம்மா வந்து கூட்டிப் போனாள். முற்றத்தில் கேசட்டுகள் கிடந்தன. 'வேத பாடம்' ஒன்று முதல் ஏழு வரை. அப்பா டேப்பை உருவி உருவிப் போட்டிருந்தார், அது செம்பருத்திச் செடி வரைக்கும் சிக்கிக் கிடந்தது. மெரூன் பையை மட்டும் காணோம். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அவள் பக்கம் போகவில்லை. கேசட்டைப் பொறுக்கப் போனேன், அப்பா பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சீட்டை யார் எழுதினது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் கதவுக்குப் பின்னால் தொங்கிய வாருக்குப் பக்கமே போகாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். மூன்றாம் நாள் பயம் விட்டது. அக்காதான் மாட்டிக்கொண்டாள், அவள் செய்தது தப்பு, அதற்கு நான் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சௌகரியமாக இருந்தது.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டேப் அண்ணனை ராணிப்பேட்டைப் பக்கம் இருந்த யூனிட்டுக்கு மாற்றினார்கள். டைம் ஆபீஸில் இருபது வருஷம் உட்கார்ந்தவர் சொன்னால் இவ்வளவுகூட நடக்காதா? டேப் அண்ணன் வேறு மதம், அதோடு வேறு ஆட்கள். எங்கள் சபையில் சாதி கிடையாது என்று அப்பா ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்கே பாடம் எடுத்திருக்கிறார். கல்யாணப் பேச்சு என்று வந்தால் "நம்ம ஆளுங்களா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி.

இரண்டே மாதத்தில் கலவை ஊரில் மாப்பிள்ளை கிடைத்தார். ஸ்கூல் ஆபீஸில் வேலை. அக்காவுக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். குடிக்க மாட்டார், பீடி பிடிக்க மாட்டார், நம்ம ஆள். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? அக்கா ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் இஷ்டம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து மறுநாள் காலையில் வேன் வந்தது. பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னை வேனுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த இரண்டு மாதமும் நான் அவளோடு சரியாகப் பேசியிருக்கவில்லை. என் தலையை ஒதுக்கிவிட்டாள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாமா பாப்பா?" என்றாள்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஹாரன் அடித்தார்கள்.

"உன்னாலதான் என் கேசட்டெல்லாம் போச்சி" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "என்னாலதான்." போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியில் நான் பத்தாவது படித்தேன், காலேஜ் போனேன், வேலைக்குப் போனேன்.

கலவைக்கு வருஷத்துக்கு ஒருமுறை போவோம். மாமாவுக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் ரேடியோகூடக் கிடையாது. அக்கா அப்புறம் மெஷின் பக்கமே போகவில்லை. வேலூரில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், மாமா விடவில்லை. இரண்டு பையன்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். அவள் பேசுவதே குறைந்துவிட்டது. நான் போனால் சோறு போடுவாள், "ஜாஸ்தி வெச்சிக்க" என்பாள், அவ்வளவுதான். அவள் சுபாவமே அப்படி என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

நடுவில் ஒருமுறை அந்தப் பாடகரையும் பார்த்தேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம், வேலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில். குழு எப்போதோ கலைந்துவிட்டது. மண்டபத்தில் சவுண்ட் சிஸ்டம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தலையில் சாயம், அது நெற்றியில் இறங்கியிருந்தது. போய் வணக்கம் சொன்னேன். ஷூ கம்பெனி ஆயுத பூஜை, சீட்டு, மூன்று பெயர் என்றேன். அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

"ஒரு ஷோவுக்கு நூறு சீட்டு வரும்மா" என்றார். "மூணு பேரு இருந்தா ரெண்டுதான் படிப்பேன். ஆம்பள பேரு ஒண்ணு, பொம்பள பேரு ஒண்ணு. அப்பதான் கிளாப்ஸு ஏறும். மூணாவது படிச்சா அது குடும்பமாப் போய்டும். யாரு விசில் அடிப்பான்?"

அதைச் சொல்லிவிட்டு, உனக்கு ஏதாவது பாட்டு வேணுமாம்மா என்று அன்பாகக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். குடும்பமாகப் போயிருக்கும். அன்றைக்கு என் பெயரையும் படித்திருந்தால், அண்ணன், அக்கா, ஏழாம் வகுப்புக் குழந்தை என்று ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அன்று முதல் பழியைப் பாதி அவர் மேல் போட்டேன், பாதி செத்துப்போன அப்பா மேல் போட்டேன். எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் நீங்கள் படத்தைப் போட்டதும் அம்மாவிடம் காட்டினேன். அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எண்பதைத் தொடப்போகிறாள், மூளை மட்டும் நர்ஸ் மூளை, எதையும் மறக்காது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள்.

"அந்த ரெண்டு கொரலுக்காரனா?" என்றாள்.

"அப்பா அவசரப்பட்டுட்டாரும்மா. யாரு எழுதுனதுன்னுகூட விசாரிக்கல" என்றேன்.

அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "யாரு எழுதுனதுன்னு அவருக்குத் தெரியாதா? உனக்கு 'அ' எழுதக் கத்துக்குடுத்ததே அவருதான். தாளும் அவரு குடுத்த தாளு. உங்கக்காவத் தனியா விசாரிக்கத்தான் உன்ன அங்க வுட்டுட்டு வந்தாரு. நான் ட்யூட்டிலேருந்து வரும்போது வாரக் கையில வெச்சிக்கினு நிக்கறாரு, உன்னக் கூட்டியாறச் சொல்லி. நாலு போட்டுட்டு, கொழந்த தெரியாம எழுதிடுச்சின்னு கம்பெனில சொல்லி முடிச்சிருப்பாரு. அப்பிடித்தான் எங்கிட்டயும் சொன்னாரு. உங்கக்காதான் குறுக்க வந்து நின்னா. 'பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் சொல்லி எழுத வெச்சேன்'னா. அந்த அடிய அவ வாங்கிக்கினா. அப்புறம் அவரு எப்பிடி விடுவாரு? அவ வாயாலயே சொல்லிட்டாளே."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"அவதான் சொல்லாதன்னா. நீயே ஒருநாள் வந்து சொல்லுவேன்னு சொன்னா."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நான் வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். அடி என்றால் எனக்கு நாலு அடிதான், அழுதுவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போயிருப்பேன். அதைத் தடுக்க அவள் கொடுத்தது என்ன என்று முப்பத்தைந்து வருஷம் கழித்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கலவைக்குப் போன் போட்டேன். அக்காதான் எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா இந்த நேரத்துல, அம்மா நல்லாருக்காங்களா?" என்றாள்.

"அக்கா, அந்தச் சீட்டு நான்தான் எழுதினேன்."

மிக்ஸி நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்து அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன்.

"தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. "வேன் கிட்ட நிக்கறப்பவே சொல்லுவன்னு நெனச்சேன். நீ கேசட்டப் பத்திப் பேசின."

மறுபடி மிக்ஸி ஓட ஆரம்பித்தது.